வெளியே பளபளப்பு, உள்ளே ஈரம்: ஃபோக்கர் விமானங்களின் இறக்கை ஏன் பிரிந்தது?

1931 மார்ச் 31. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், பஸார் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்துப் புல்வெளியில் ஒரு பயணிகள் விமானம் விழுந்து நொறுங்கியது. உள்ளே இருந்த 8 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. இறந்தவர்களில் ஒருவர் நூட் ராக்னி. நாட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர். அன்றைய அமெரிக்காவில் அவருக்கு இருந்த மவுசு, இன்று இங்கே ஒரு கிரிக்கெட் கேப்டனுக்கு இருப்பது மாதிரி. நாடே அதிர்ந்துபோனது.

இறக்கையின் ஒரு துண்டு, மற்ற பாகங்களை விட்டு வெகுதூரம் தள்ளிக் கிடந்தது. அப்படியென்றால் தரையில் மோதி உடையவில்லை, வானத்திலேயே பிய்ந்திருக்கிறது. முதலில் பனிக்கட்டி, எஞ்சின் கோளாறு என்றெல்லாம் பேசப்பட்டது. கடைசியில் சந்தேகம் இறக்கையின் மரத்திலும் பசையிலும் வந்து நின்றது. அந்த எஃப்-10 ரக விமானம் ஆன்டனி ஃபோக்கரின் நிறுவனத் தயாரிப்பு.

யார் இந்த ஃபோக்கர்?

1890-ல் டச்சுக்காரர்கள் ஆண்ட ஜாவா தீவில் பிறந்தவர். அப்பாவுக்குக் காபித் தோட்டம். 4 வயதில் குடும்பத்தோடு நெதர்லாந்தின் ஹார்லெம் நகருக்கு வந்தார். பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை. மோட்டார் மெக்கானிக் வேலை கற்றுக்கொள்ளட்டும் என்று ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். அவர் அங்கே விமானம் கட்ட ஆரம்பித்துவிட்டார். 1911-ல், 21 வயதில், தானே கட்டிய விமானத்தில் ஹார்லெம் தேவாலயக் கோபுரத்தைச் சுற்றிப் பறந்து ஊரை அசத்தினார். வரைபட மேசையில் உட்கார்ந்து கணக்குப் போடும் ரகம் இல்லை அவர். ஏறி ஓட்டிப் பார்த்து, உடம்பால் உணர்ந்து திருத்துகிற ஆள்.

முதல் உலகப் போர் அவரைப் பெரிய ஆளாக்கியது. சுழலும் புரொபெல்லரின் இடைவெளியில் சுடும் துப்பாக்கி பொருத்திய அவரது விமானங்கள் 1915-ல் எதிரிகளைக் கதிகலங்க வைத்தன. போர் முடிந்ததும் விமானங்களையும் எஞ்சின்களையும் ரயில் ரயிலாக நெதர்லாந்துக்குக் கடத்திக்கொண்டு வந்தது தனி சினிமா. அதை இங்கே விட்டுவிடலாம். நமக்கு வேண்டியது அந்த இறக்கை.

பிளைவுட் செய்த மாயம்

அந்தக் காலத்து விமான இறக்கைகளை வெளியிலிருந்து கம்பிகளும் முட்டுக்கட்டைகளும்தான் தாங்கிப் பிடித்தன. காற்றில் அவை பெரும் இடைஞ்சல். ஃபோக்கர் நிறுவனத்தில் வெல்டராக இருந்து வடிவமைப்புக்கு வந்த ரைன்ஹோல்ட் பிளாட்ஸும் ஃபோக்கரும் வேறு வழிக்குப் போனார்கள். தடிமனான மர இறக்கை. உள்ளே மரப் பெட்டி மாதிரி உத்தரம், மேலே பிளைவுட் தோல், எல்லாம் பசையால் ஒன்றாக. வெளியே ஒரு கம்பிகூட வேண்டாம்.

பிளைவுட் என்பது மெல்லிய மரத் தகடுகளை, நார் ஒன்றுக்கொன்று குறுக்காக வரும்படி அடுக்கி ஒட்டுவது. ஒட்டு இருக்கும்வரை நல்ல பலம். விட்டுப்போனால் அது வெறும் மெல்லிய தகடுகள்தான். அப்படி அடுக்குகள் பிரிவதைத்தான் டிலாமினேஷன் என்கிறார்கள். மழையில் நனைந்த பாத்ரூம் கதவின் ஓரம் உப்பி இதழ் இதழாகக் கிளம்புவதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான். அந்தக் காலத்துப் பசைகள் பாலின் புரதத்திலிருந்தும் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்தும் வந்தவை. ஈரம் பட்டால் இளகும், பூஞ்சை பிடிக்கும். கதவு என்றால் கண்ணுக்குத் தெரியும். மூடிய இறக்கைக்குள் நடந்தால்?

முன்பே வந்த எச்சரிக்கைகள்

1917 அக்டோபர் கடைசியில் ஃபோக்கரின் மூன்றடுக்கு இறக்கை விமானங்கள் (சிவப்பு நிறத்தில் ரிக்டோஃபென் ஓட்டிப் புகழ்பெற்ற அதே ரகம்) அடுத்தடுத்து இறக்கை உடைந்து விழுந்தன. கட்டுமானம் மோசம், ஈரம் புகாமல் பூச்சு அடிக்கவில்லை, உள்ளே நீர் கோத்து இறக்கையின் சட்டங்கள் சிதைந்திருக்கின்றன என்றது விசாரணைக் குழு.

1918 ஆகஸ்டில் மறுபடியும். இந்த முறை புதிய ஒற்றை இறக்கை விமானம். அதன் இறக்கைகளைச் செய்தது ஒரு பியானோ தொழிற்சாலை. போர்க்கால அவசரம், வேறென்ன! தரமில்லாத மரம், அளவு தப்பிய உத்தரம், நீர்பட்டுக் கெட்ட ஒட்டுகள் என்று குறைகள் வெளிவந்தன. ராணுவம் சொல்லி உத்தரத்தில் செய்த மாற்றமே காரணம் என்றார் ஃபோக்கர். வடிவமைப்பு சரிதான் என்பதைச் சோதனைகளும் காட்டின என்பது உண்மை. ஆனால் வடிவமைப்பு மட்டுமா விமானம்? ஒட்டும் கையும் அதைச் சரிபார்க்கும் கண்ணும் அதில் சேர்த்திதானே.

1920-களில் இதையெல்லாம் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. மூன்று எஞ்சின் ஃபோக்கர் விமானங்கள் உலகைச் சுற்றின. 1928-ல் சார்லஸ் கிங்ஸ்ஃபோர்ட் ஸ்மித் குழு அமெரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பசிபிக் கடலைத் தாண்டியது ஒரு ஃபோக்கரில்தான். அமெரிக்காவிலும் தொழிற்சாலை, பணம், புகழ்.

பிறகு பஸார். அமெரிக்க அரசு எஃப்-10 ரக விமானங்களைப் பறக்கவிடாமல் நிறுத்தியது. மறுபடி பறக்க வேண்டுமானால் இறக்கைக்குள் பார்த்தாக வேண்டும். உள்ளே பார்க்க பிளைவுட் தோலை உரிக்க வேண்டும். வெளியே பளபளவென்று இருக்கும் இறக்கையை அடிக்கடி உரித்துப் பார்க்க எந்த விமான நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகும்? மரப் பயணிகள் விமானங்களின் மதிப்பு அமெரிக்காவில் மளமளவெனச் சரிந்தது. அந்த ஆண்டே அமெரிக்க நிறுவனத்திலிருந்து ஃபோக்கர் வெளியேறினார்.

விபத்தில் விமானத்தை இழந்த டிடபிள்யூஏ நிறுவனம், 1932-ல் முழு உலோக விமானம் கேட்டு ஆலைகளுக்குக் கடிதம் அனுப்பியது. டக்ளஸ் நிறுவனம் அதற்குச் செய்து தந்ததுதான் டிசி-1, அடுத்து டிசி-2. இந்த டிசி-2 விமானத்தை ஐரோப்பாவில் விற்கும் உரிமையை வாங்கியது யார் தெரியுமா? சாட்சாத் ஃபோக்கர்தான். அவர் கேஎல்எம் நிறுவனத்துக்கு விற்ற டிசி-2 ஒன்று, 1934-ல் இங்கிலாந்திலிருந்து மெல்போர்ன் வரை நடந்த போட்டியில், வழியில் நம் அலகாபாதிலும் இறங்கி, பயணிகளோடு இரண்டாவதாக வந்தது.

1939 டிசம்பர் 23 அன்று நியூயார்க்கில் மூளைக்காய்ச்சலால் ஃபோக்கர் இறந்தார். வயது 49.

பசை மட்டும் விமானத்தை விட்டுப் போகவில்லை. அவர் பெயரில் தொடர்ந்த டச்சு நிறுவனம் 1955-ல் பறக்கவிட்ட எஃப்-27 விமானத்தில் அலுமினியத் தகடுகளையே செயற்கைப் பசையால் ஒட்டினார்கள். இந்தியன் ஏர்லைன்ஸும் அதைப் பல ஆண்டுகள் ஓட்டியது. இன்றைய கார்பன் நார் விமானங்களும் அடுக்கடுக்காக ஒட்டியவைதான். அடுக்கு எங்கே விட்டிருக்கிறது என்று பார்க்க அல்ட்ராசவுண்ட் கருவி இருக்கிறது. கூடவே பழைய முறையும் இருக்கிறது. கொத்தனார் டைல்ஸைத் தட்டிப் பார்ப்பது போல, விமானத்தின் மேல் சின்னச் சுத்தியலாலோ காசாலோ தட்டுவார்கள். ஒட்டு நன்றாக இருந்தால் கணீரென்று கேட்கும். விட்டிருந்தால் சத்தம் மங்கிவிடும்.