வள்ளல் சீதக்காதியும் ஒரு மக்தப் பிள்ளையின் கேள்வியும்

அல்ஹம்துலில்லாஹ். எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



மஃரிபுக்குப் பிறகு நசரத்பேட்டைப் பிள்ளைகள் மக்தபுக்கு வருவார்கள். ஓதி முடித்ததும் கடைசிப் பத்து நிமிடம் நல்லடியார்களின் வரலாறு சொல்வது வழக்கம். ஒருநாள் வள்ளல் சீதக்காதியைப் பற்றிச் சொன்னேன். செத்தும் கொடை கொடுத்தவர் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருந்தார்கள். இரண்டாவது வரிசையில் இருந்த ஒரு பையன் எழுந்து, கப்ருக்குள் இருந்து நிஜமாகவே கை வெளியே வந்ததா ஹஜ்ரத் என்று கேட்டுவிட்டான்.

அந்தக் கதை உங்களுக்கும் தெரிந்ததுதான். பரிசில் வாங்க வந்த புலவர், வள்ளல் மவுத்தாகிவிட்ட செய்தி கேட்டு அடக்கத்தலத்தில் நின்று அழுது பாடினார். கப்ரிலிருந்து மோதிரம் அணிந்த கை வெளியே வந்தது என்பார்கள். அகீதாவைக் கெடுக்காமலும் பிள்ளையின் மனத்தை நோகடிக்காமலும் என்ன பதில் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். தூணில் சாய்ந்து தஸ்பீஹ் ஓதிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் முந்திக்கொண்டார். மேலே சுற்றும் மின்விசிறியைக் காட்டி, அதைக் கொடுத்தவர் போய்ப் பல வருஷம் ஆகிறது, காற்று வருகிறதா இல்லையா பார் என்றார். பையன் அண்ணாந்து பார்த்தான். எனக்கு வேலை மிச்சம்.

மனிதன் இறந்துவிட்டால் அவனுடைய அமல்கள் நின்றுவிடும், மூன்றைத் தவிர என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள் அல்லவா? நிலைத்து நிற்கும் தர்மம், பயன் தரும் கல்வி, துஆச் செய்யும் ஸாலிஹான பிள்ளை. இந்த ஹதீஸை வைத்துக்கொண்டு சீதக்காதியின் வாழ்க்கையைப் பாருங்கள். கை வெளியே வந்ததா என்ற கேள்வியே தேவைப்படாது.

அவருடைய இயற்பெயர் ஷெய்கு அப்துல் காதிர். தமிழ் நாவில் அது தேய்ந்து சீதக்காதி ஆயிற்று. ஊர் கீழக்கரை, காலம் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. பெரியதம்பி மரைக்காயர் என்பது குடும்பப் பெயர். மரைக்காயர் என்றாலே மரக்கலத்தில் வணிகம் செய்தவர்கள். முத்து, சங்கு, துணி, நெல் என்று கடல் வழியாகப் போய்வந்த வியாபாரம். அந்தக் காலத்தில் இந்தக் கரையில் வாணிபம் செய்த டச்சுக்காரர்களின் கணக்குகளிலும் இந்தப் பெரியதம்பியின் பெயர் உண்டு. 1710 வரை இராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதி அவரைத் தம் நெருக்கமான ஆலோசகராக வைத்திருந்தார். விஜய ரகுநாத என்று தம்முடைய பட்டத்தையே அவர் பெயருக்கு முன்னால் சேர்த்துக் கொடுத்தார்.

இவ்வளவு செல்வாக்குள்ள ஒரு வியாபாரியின் ஊரில் பஞ்சம் வருகிறது. தராசின் ஒரு தட்டில் நெல்லும் மறுதட்டில் பொன்னும் வைத்து விற்கும் அளவுக்குக் கொடிய பஞ்சம் என்று புலவர்கள் பாடி வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். உங்களிடம் கிட்டங்கியும் இருக்கிறது, கப்பலும் இருக்கிறது. கதவை இன்னும் ஒரு மாதம் பூட்டி வைத்தால் விலை இரட்டிப்பாகும். யாரும் உங்களைத் திருடன் என்று சொல்ல முடியாது. கெட்டிக்கார வியாபாரி என்றுதான் சொல்வார்கள். மார்க்கம் அதைப் பதுக்கல் என்று சொல்லிப் பாவத்தில் சேர்க்கிறது. சீதக்காதி கதவைத் திறந்தார், வந்தவர்களுக்குச் சோறு போட்டார். வள்ளல் என்ற பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது முதலில் சோற்றினால்தான். மோதிரக் கதை பிற்பாடு வந்தது.

அதைப் பாடிய புலவர் யார் தெரியுமா? படிக்காசுப் புலவர். தொண்டை மண்டல சதகம் பாடியவர். பூந்தமல்லியும் நசரத்பேட்டையும் அந்தத் தொண்டை மண்டலத்துக்குள் இருக்கிற ஊர்கள்தானே? ஆக, நம் பக்கத்து ஆள். முஸ்லிம் அல்லாதவர். கீழக்கரை வரைக்கும் போய் அந்த வாசலில் நின்றிருக்கிறார். வந்தவரின் தேவை என்ன என்று பார்த்த வாசல் அது. வேறு எதையும் கேட்டதாக எந்தக் கதையும் இல்லை.

இனி கல்விக்கு வருவோம். அதே கீழக்கரையில் ஸதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்கள் வாழ்ந்தார்கள். 1632இல் காயல்பட்டினத்தில் பிறந்த பெரிய ஆலிம், அரபியில் கவி பாடியவர்கள். ஊரிலேயே பெரிய பணக்காரரான சீதக்காதி அந்தப் பெரியவருக்கு முன்னால் மாணவனைப் போல இருந்தார். நபி (ஸல்) அவர்களின் வரலாறு தமிழில் காவியமாக வரவேண்டும் என்பது சீதக்காதியின் ஆசை. அதற்காக எட்டயபுரம் உமறுப் புலவரைத் தேர்ந்தெடுத்தார். புலவர் ஆதாரம் கேட்டு அப்பாவிடம் போனபோது முதலில் அவர்கள் இசையவில்லை, பிறகு இசைந்தார்கள் என்று வரலாறு சொல்வார்கள். பணம் கொடுக்கிறவர் அனுப்பி வைத்த ஆள் என்பதற்காக ஆலிம் உடனே தலையாட்டிவிடவில்லை. ஆலிம் தயங்கினார் என்பதற்காகப் பணக்காரர் கோபித்துக்கொள்ளவும் இல்லை. இன்றைய நிர்வாகக் கமிட்டிகள் இந்த இடத்தை இரண்டு முறை படிக்கலாம்.

நூல் வளர்ந்தது. ஆனால் அது முடிவதற்குள் சீதக்காதி மவுத்தாகிவிட்டார். புலவர் கையறு நிலையில் நின்றபோது பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் பொறுப்பை ஏற்று நூலைத் தொடரச் செய்தார். அதுதான் 5,000 பாடல்களுக்கு மேல் கொண்ட சீறாப்புராணம். அந்த நூலைத் திறந்து பாருங்கள். புலவர் திரும்பத் திரும்ப நன்றியோடு பாடுவது அபுல் காசிமைத்தான். நூலுக்கு விதை போட்டவர் நூல் முடிந்ததைக் கண்ணால் பார்க்கவில்லை. பாராட்டு இன்னொருவருக்குப் போனது. அவர் கொடுத்தது மட்டும் போகவில்லை; தமிழில் ஸீரா படிக்கும் ஒவ்வொருவருக்கும் 300 வருஷமாகக் கிடைத்துக்கொண்டே இருக்கிறது.

கீழக்கரைக்குப் போனால் கல்லால் கட்டிய பழைய ஜும்ஆ பள்ளியைப் பாருங்கள். நம் நாட்டுத் தூண்கள், நம் நாட்டுச் சிற்பிகளின் பூவேலை. அது அவர் கட்டிய பள்ளி என்று ஊர் சொல்கிறது. அவருடைய அடக்கத்தலமும் அங்கேதான். அவ்வளவு தூரம் போகவேண்டாம் என்றால் நம் ஊரைத் தொட்டுப் போகும் வெளிவட்டச் சாலையில் ஏறி வண்டலூருக்குப் போங்கள். கீழக்கரையில் பிறந்த பி.எஸ். அப்துர் ரஹ்மான் அவர்கள் சீதக்காதி பெயரில் அறக்கட்டளை வைத்து, அதன் வழியாக 1984இல் தொடங்கிய பொறியியல் கல்லூரி இன்று பல்கலைக்கழகமாக நிற்கிறது. பிறக்காத பிள்ளைகளுக்கும் ஒரு பெயர் பாடம் நடத்துகிறது.

பெரியவர் விஷயத்துக்குத் திரும்புகிறேன். பிள்ளைகள் போன பிறகு அவர் என்னிடம் வேறொன்று சொன்னார். பெயர் வேண்டாம், சொல்லிக்கொள்ள அனுமதி கேட்டுவிட்டேன். ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். பி.எஃப். பணம் வந்ததும் பள்ளிக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று 20 வருஷம் நிய்யத் வைத்திருந்தார். பணம் வந்தது. மாடி கட்டினார், பேத்தி கல்யாணம் வந்தது, மிச்சம் இருந்ததை வைத்தியச் செலவுக்கு என்று வங்கியில் போட்டுவிட்டார். மின்விசிறியைப் பையனுக்குக் காட்டும்போது தன் பெயர் எங்கேயும் இல்லையே என்று உறுத்தவில்லை, காற்று தன்னுடையது இல்லையே என்றுதான் உறுத்தியது என்றார். இதை அவர் சொன்னபோது நான் ஆறுதல் சொல்லவில்லை, ஏனென்றால் என் கதையும் அதுதான்.

மனிதன் கிழவனானாலும் அவனுக்குள் இரண்டு ஆசைகள் இளமையாகவே இருக்கும், ஒன்று பணத்தின் மீது, மற்றது நீண்ட ஆயுள் மீது என்று ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். எந்த தர்மம் சிறந்தது என்று ஒருவர் கேட்டபோது, ஆரோக்கியமாக இருக்கும்போதே, பணத்தின் மீது பற்று இருக்கும்போதே, வறுமைக்கு அஞ்சிக்கொண்டும் செல்வத்தை எதிர்பார்த்துக்கொண்டும் இருக்கும்போதே கொடுப்பது என்று பதில் தந்தார்கள். உயிர் தொண்டைக்குழிக்கு வந்தபிறகு இன்னாருக்கு இவ்வளவு என்று பங்கு பிரிப்பதைத் தடுத்தார்கள். அப்போது அது ஏற்கெனவே வாரிசுகளுடையதாகிவிட்டது. செத்தும் கொடுத்தவர் என்று நாம் புகழ்கிற சீதக்காதி, செத்த பிறகு ஒரு காசும் புதிதாகக் கொடுக்கவில்லை. எல்லாம் கப்பல் ஓடிக்கொண்டிருந்தபோது, உடம்பில் தெம்பு இருந்தபோது கொடுத்தது. கப்ரிலிருந்து வெளியே வந்த கை, பஞ்சத்தில் கிட்டங்கியைத் திறந்த கைதான்.

மறுவாரம் அதே பையன் தொழுகை முடிந்ததும் என்னிடம் வந்தான். விசிறி நிற்கும்போது அதில் எழுதிய பெயர் தெரிகிறது, ஓடும்போது தெரியவில்லையே என்றான். கண்டுபிடித்துவிட்ட பெருமை முகத்தில். இத்தனை வருஷம் அதன் அடியில் நின்று தொழ வைத்த எனக்கு அது தோன்றியதில்லை. அப்புறம் சட்டைப்பையிலிருந்து 5 ரூபாய் நாணயம் ஒன்றை எடுத்து, இதற்கு எதில் பெயர் எழுதுவீர்கள் என்று கேட்டான். எழுத மாட்டோம், உண்டியலில் போடுவதற்கு ரசீதுகூடக் கிடையாது என்றேன். பேரீச்சம்பழத்தில் பாதியைக் கொடுத்தாவது நரகத்திலிருந்து தப்பித்துக்கொள்ளச் சொன்ன நபியின் உம்மத் நாம் என்பதையும் சொன்னேன். பாதிப் பழத்தில் எங்கே பெயர் எழுதுவது?

நாணயத்தைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். கடைக்குப் போய்விடுவான் என்றுதான் நினைத்தேன். உண்டியலில் போட்டுவிட்டு, காதை வைத்து அது விழும் சத்தத்தைக் கேட்டுவிட்டு ஓடினான்.

யா அல்லாஹ், வள்ளல் சீதக்காதி அவர்களின் கப்ரையும், எங்கள் பள்ளிகளுக்குக் கொடுத்துவிட்டுப் போனவர்களின் கப்ருகளையும் விசாலமாக்கி வைப்பாயாக. ஆமீன்.