மகளாகவும் தாயாகவும் மேரி கியூரி

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

கதிரியக்கம் என்றவுடன் இயற்பியல் மாணவர்களாகிய நம் நினைவுக்கு வருபவர் மேரி கியூரி அம்மையார். இயற்பியலில் ஒருமுறை, வேதியியலில் ஒருமுறை என இருமுறை நோபல் பரிசு பெற்றவர் என்பதைப் பள்ளிப் பருவத்திலேயே மனப்பாடம் செய்துவிட்டோம். ஆனால் அவர் எப்படிப்பட்ட மகளாக வாழ்ந்தார், எப்படிப்பட்ட தாயாக வாழ்ந்தார் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? அவ்வரலாற்றைப் படித்தபோது என் உள்ளத்தில் பதிந்தவற்றை இங்கே எழுத முற்படுகிறேன்.

1867 நவம்பர் 7-ஆம் நாள் போலந்து நாட்டின் வார்சா நகரில் மரியா பிறந்தார். அன்று வார்சா ரஷ்யப் பேரரசின் பிடியில் இருந்தது. தந்தை விளாடிஸ்லாவ் கணிதமும் இயற்பியலும் கற்பித்த ஆசிரியர். தாய் பெண்கள் பள்ளி ஒன்றை நடத்தியவர். ஐந்து குழந்தைகளில் மரியாவே கடைக்குட்டி. தாயைக் காசநோய் பற்றிக்கொண்டது. நோய் குழந்தைகளுக்கும் தொற்றிவிடுமோ என்று அஞ்சிய அத்தாய், அவர்களை முத்தமிடுவதையே விட்டுவிட்டார். அருகில் இருந்தும் அணைக்க முடியாத தாய்! மூத்த சகோதரி சோபியாவைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. 1878-இல் தாயும் மறைந்தார். அப்போது மரியாவுக்கு வயது பத்து.

அதன்பின் தந்தையே தாயுமானார். ஆட்சியாளர்களின் வெறுப்புக்கு ஆளாகிப் பதவியில் தாழ்த்தப்பட்ட அவர், வீட்டிலேயே மாணவர்களைத் தங்கவைத்துப் பாடம் சொல்லிக் குடும்பத்தை நடத்தினார். அவருடைய கண்ணாடி அலமாரியில் இருந்த ஆய்வுக் கருவிகளைப் பார்த்துப் பார்த்துத்தான் மரியாவின் அறிவியல் ஆர்வம் முளைவிட்டது.

1883-இல் தங்கப் பதக்கத்துடன் பள்ளிப் படிப்பை முடித்தார் மரியா. ஆனால் வார்சா பல்கலைக்கழகத்தின் கதவு பெண்களுக்குத் திறக்கவில்லை. பாரிசுக்கு அனுப்பத் தந்தையிடம் பணமும் இல்லை. அப்போது மரியாவும் அக்காள் புரோனியாவும் ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். அக்காள் முதலில் பாரிஸ் சென்று மருத்துவம் படிப்பது. தங்கை வேலை செய்து பணம் அனுப்புவது. பின்னர் தங்கையை அக்காள் படிக்க வைப்பது. அதன்படி 1886 முதல் மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு கிராமத்துச் செல்வர் வீட்டில் தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார் மரியா. 1891-இல் அவர் பாரிஸ் சேர்ந்தபோது, அக்காள் தம் வீட்டிலேயே இடம் தந்து வாக்கைக் காப்பாற்றினார். 1893-இல் இயற்பியல் பட்டத் தேர்வில் மரியா முதலிடம் பெற்றார்.

இந்தப் பகுதியைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். என் அக்காள் எட்டாம் வகுப்போடு நின்று நூற்பாலைக்குப் போனாள். நான் கட்டும் தேர்வுக் கட்டணம் அவள் கூலியே. எங்களுக்குள் எந்த உடன்பாடும் இல்லை. திருப்பித் தருவாயா என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கப்படாத கடன்தான் பெரிய கடன் என்பதை அன்றிரவு உணர்ந்தேன்.

1895-இல் பியேர் கியூரியை மணந்தார் மேரி. 1897-இல் ஐரீன் பிறந்தாள். குழந்தையின் எடையையும் முளைத்த பற்களையும் நாள் தவறாமல் ஏட்டில் குறித்தது அந்தத் தாயின் கை. 1898-இல் பொலோனியம், ரேடியம் என்னும் தனிமங்களை உலகுக்கு அறிவித்ததும் அதே கைதான்! ஒழுகும் கொட்டகையில் டன் கணக்கான தாதுவைக் காய்ச்சிக் கிளறியபோது, வீட்டில் பேத்தியைப் பேணியவர் மாமனார் யூஜின் கியூரி. 1902-இல் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடியம் உப்பைப் பிரித்தெடுத்தார் மேரி. அதே ஆண்டு வார்சாவில் தந்தை காலமானார். கடைசி மூச்சின்போது அருகில் இருக்க மகளுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

1904-இல் ஈவ் பிறந்தாள். 1906 ஏப்ரல் 19 அன்று பாரிஸ் தெருவில் குதிரை வண்டியில் அடிபட்டுப் பியேர் இறந்தார். ஐரீனுக்கு எட்டு வயது. ஈவுக்கு ஒன்றரை வயதுகூட நிரம்பவில்லை. அரசு தர முன்வந்த உதவித் தொகையை மேரி ஏற்கவில்லை. உழைத்தே குழந்தைகளைக் காப்பது என்று முடிவு செய்தார். கணவர் விட்ட பாடத்தைத் தொடர்ந்து, சார்போனில் கற்பித்த முதல் பெண் ஆனார். நண்பர்களான பேராசிரியர்களுடன் சேர்ந்து, தங்கள் பிள்ளைகளுக்குத் தாங்களே முறைவைத்துப் பாடம் நடத்தினார். ஆயினும் இறந்த கணவரைப் பற்றி மகள்களிடம் பேச அவருக்கு நா எழவில்லை. தம்மை முத்தமிடாத தாயைப் போலவே, அவரும் அன்பைச் சொல்லில் வைக்காமல் செயலில் வைத்தார்.

முதல் உலகப் போரில் எக்ஸ்-கதிர்க் கருவி பொருத்திய ஊர்திகளைப் போர்முனைக்குக் கொண்டு சென்றார். உடன் நின்று உழைத்தவள் பதினெட்டு வயதுகூட நிரம்பாத ஐரீன். 1934-இன் தொடக்கத்தில் ஐரீனும் கணவர் பிரெடெரிக் ஜோலியோவும் செயற்கைக் கதிரியக்கத்தைக் கண்டறிந்தனர். அதைக் கண்ணாரக் கண்டு மகிழ்ந்த தாய், அவ்வாண்டு ஜூலை 4 அன்று இரத்தச் சோகை நோயால் மறைந்தார். நீண்டகாலக் கதிர்வீச்சே அதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது. அப்போது உடனிருந்தவள் ஈவ். 1935-இல் ஐரீன் நோபல் பரிசு பெற்றதைக் காண அவர் இல்லை. ஐரீனும் 1956-இல் இரத்தப் புற்றுநோய்க்கு இரையானார். தாயின் வரலாற்றை 1937-இல் நூலாக்கி உலகுக்கு அளித்த ஈவ், 102 வயது வரை வாழ்ந்து 2007-இல் மறைந்தார்.

தந்தையின் அலமாரி, அக்காளின் வாக்கு, மாமனாரின் மடி. இவையெல்லாம் சேர்ந்துதான் ஒரு மேரி கியூரியை உருவாக்கின. நம் ஒவ்வொருவர் பட்டத்துக்குப் பின்னாலும் அத்தகைய கைகள் உண்டு. பட்டச் சான்றிதழில் என் பெயர் மட்டுமே இருக்கும். அதை முதலில் வாங்கிப் பார்க்க வேண்டியவள் என் அக்காள். அவளுடைய மகள் இப்போது மூன்றாம் வகுப்பில் படிக்கிறாள். அவள் விரும்பும் மட்டும் அவளைப் படிக்க வைப்பது என் பொறுப்பு. இதை இம்மலரில் எழுதி வைக்கிறேன். மறந்தால் நண்பர்கள் நினைவூட்டட்டும்!