பொன் எடுக்கும் வித்தையை எழுதி வைத்த வைத்தியர்

கல்லோடு கல்லாகக் கலந்து கிடக்கும் பொடித் தங்கத்தைப் பிரித்து எடுப்பது எப்படி? கையால் பொறுக்க முடியாது. அதற்குப் பாதரசம் வேண்டும். இது மிகப் பழைய வித்தை. இதை ஒரு பெரிய நூலில் விளக்கமாக எழுதி வைத்தவர் ஒரு வைத்தியர். அவர் பெயர் அக்ரிகோலா.

ஜெர்மனியில் கிளவ்காவ் என்னும் ஊரில் 1494-ம் ஆண்டு அவர் பிறந்தார். தகப்பனார் துணித் தொழில் செய்தவர். பெற்றோர் இட்ட பெயர் கேயார்க் பவர். பவர் என்றால் உழவன் என்று பொருள். அந்நாளில் படித்தவர்கள் தங்கள் பெயரை லத்தீன் மொழியில் மாற்றிக்கொள்வார்கள். லத்தீனில் உழவனுக்கு அக்ரிகோலா என்று பெயர். அதுவே நிலைத்துவிட்டது.

சுரங்க ஊரில்

முதலில் அவர் பள்ளி ஆசிரியராக இருந்தார். பிறகு இத்தாலிக்குச் சென்று வைத்தியம் படித்தார். 1527-ல் யோவாகிம்ஸ்தால் என்னும் மலை ஊருக்கு வைத்தியராக வந்தார். இன்று அது செக் நாட்டில் இருக்கிறது. அங்கே வெள்ளிச் சுரங்கங்கள் இருந்தன. ஓய்வு கிடைத்தபோதெல்லாம் அக்ரிகோலா சுரங்கங்களுக்கும் உலைகளுக்கும் போவார். தொழிலாளிகளிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்வார்.

தங்கம் எடுக்கும் முறையையும் அப்படியே விளக்கி எழுதினார். தங்கக் கல்லை இடித்து மாவு போல அரைப்பார்கள். அதைத் தண்ணீருடன் தொட்டியில் விட்டுக் கலக்குவார்கள். தொட்டியின் அடியில் பாதரசம் இருக்கும். அது தங்கத்தைப் பற்றிக்கொள்ளும். மண் தண்ணீரோடு போய்விடும். பிறகு பாதரசத்தை மெல்லிய தோலில் கட்டி, தேங்காய்ப் பால் பிழிவது போலப் பிழிவார்கள். பாதரசம் வெளியே வந்துவிடும். தங்கம் உள்ளே தங்கும். அதில் ஒட்டியிருக்கும் மிச்சப் பாதரசம் நெருப்பில் காய்ச்சினால் ஆவியாகிவிடும்.

புகையில் இருந்த ஆபத்து

அந்த ஆவி பொல்லாதது என்பதை அக்ரிகோலா அறிந்திருந்தார். பாதரசம் காய்ச்சுபவர்களின் பற்கள் ஆட்டம் காணும் என்று எழுதினார். அவர்கள் காற்றுக்கு முதுகு காட்டி நிற்பதையும், உலைக் கொட்டகை திறந்தவெளியாக இருக்க வேண்டும் என்பதையும் குறித்தார். சுரங்கத் தூசி நுரையீரலை அரிப்பதையும் சொன்னார். கார்ப்பேதிய மலைப் பகுதியில் சில பெண்கள் ஏழு முறை மணந்து, ஏழு கணவரையும் இப்படிப் பறிகொடுத்தார்களாம். தொழிலாளிகள் முகத்தில் துணி கட்டிக்கொள்ள வேண்டும், சுரங்கத்துக்குள் நல்ல காற்று வரவேண்டும் என்று யோசனை கூறினார்.

பிற்காலத்தில் கெம்னிட்ஸ் நகரில் குடியேறினார். 1546-ல் அந்நகரின் மேயரானார். புத்தகத்துக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். எழுதி முடித்த பிறகும் மரத்தில் படங்கள் செதுக்குவதற்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. மொத்தம் 292 படங்கள்!

அச்சான நூலைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1555 நவம்பர் 21-ந் தேதி காலமானார். ஊர் புராட்டஸ்டண்ட் மதத்துக்கு மாறியிருந்தது. அவரோ கத்தோலிக்கர். ஆகவே, மேயராக இருந்த ஊரிலேயே அவரைப் புதைக்க இடம் கிடைக்கவில்லை. தொலைவில் உள்ள சைட்ஸ் நகரில் அடக்கம் செய்தார்கள்.

சில மாதங்களில், 1556-ல், ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் புத்தகம் வெளிவந்தது. டி ரே மெட்டாலிக்கா என்பது அதன் பெயர். நெடுங்காலம் அதுவே சுரங்கத் தொழிலின் பாட நூலாக விளங்கியது. 1912-ல் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர்கள் ஹெர்பர்ட் ஹூவரும் அவர் மனைவி லூ ஹூவரும். ஹூவர் பின்னர் அமெரிக்க ஜனாதிபதியானார்.

பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா ஒப்பந்தம் 2017-ல் அமலுக்கு வந்தது. ஆனாலும் பல நாடுகளில் ஏழைத் தொழிலாளிகள் இன்றும் பாதரசத்தைக் காய்ச்சித்தான் தங்கம் எடுக்கிறார்கள். அக்ரிகோலா எச்சரித்த அதே புகை இன்னும் அவர்களைச் சுற்றி எழுகிறது.