நூறு ரூபாய் நஷ்டஈடு

ஆபிரகாம் லிங்கன் சட்டக் கல்லூரி பக்கமே போகாம, தானா புத்தகம் படிச்சு வக்கீல் ஆனவர்னு உங்கள்ல நிறைய பேருக்குத் தெரியும். அப்படி ஒருத்தர் நம்ம பக்கமும் இருந்தார். இன்னைக்கு நாமக்கல் மாவட்டத்துல இருக்கிற கொல்லிமலை, 1997 வரைக்கும் சேலம் மாவட்டம்தான். அந்தச் சேலத்தைப் பேரோடவே சுமந்தவர், சேலம் சி. விஜயராகவாச்சாரியார்.

பிறந்தது 1852-ல், செங்கல்பட்டு பக்கம் பொன்விளைந்தகளத்தூர். சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் வாங்கிட்டு, பிறகு சேலம் முனிசிபல் கல்லூரியில் ஆங்கிலமும் கணக்கும் நடத்தினார். சட்ட வகுப்புக்கே போகாம தேர்வு எழுதி பாஸ் பண்ணி, 1881-ல் வக்கீல் தொழில் தொடங்கினார். அடுத்த வருஷம் நகராட்சி உறுப்பினரும் ஆயிட்டார்.

அதே 1882-ல் சேலத்துல இந்து முஸ்லிம் கலவரம் வெடிச்சது. ஒரு மசூதி இடிக்கப்பட்டது. தூண்டிவிட்டவர்னு இவர்மேல வழக்கு. தண்டனை, பத்து வருஷம் சிறை. யோசிச்சுப் பாருங்க, வயசு முப்பது, தொழிலுக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகுது. ஆனாலும் விடாம கோர்ட்டுல போராடினார். கடைசியில குற்றமற்றவர்னு விடுதலை ஆனார்.

நாமா இருந்தா, தப்பிச்சோம்டா சாமின்னு வீட்டுக்குப் போயிருப்போம். அவர் போகலை. கலவர வழக்குல மாட்டின மத்தவங்களுக்காகவும் வாதாடி வெளியே கொண்டுவந்தார். அப்புறம், பறிபோன தன் நகராட்சிப் பதவிக்காக அரசாங்கத்தோடயே மோதினார். பதவி திரும்பக் கிடைச்சது. கூடவே 100 ரூபாய் நஷ்டஈடு! தொகையைப் பார்க்காதீங்க, கொடுத்தது யாருன்னு பாருங்க. பிரிட்டிஷ் அரசு.

1885-ல் காங்கிரசின் முதல் மாநாட்டுக்குப் போனார். 1895-லிருந்து ஆறு வருஷம் சென்னை சட்டசபையில இருந்தார். 1920-ல் நாக்பூர் காங்கிரஸ் மாநாட்டுக்கு அவர்தான் தலைவர். ஒத்துழையாமைத் திட்டம் அங்கதான் உறுதியாச்சு. கோர்ட்டுகளைப் புறக்கணிக்கிறதும் அதுல ஒரு பகுதி. கோர்ட்டுல போராடி வாழ்க்கையை மீட்ட மனுஷன் தலைமையில அது நிறைவேறினது வேடிக்கைதான். காந்தி சொன்ன எல்லாத்துக்கும் அவர் தலையாட்டலை, எதிர்த்தும் வாதாடினார்.

1944 ஏப்ரல் 19-ல், 91 வயசுல இறந்தார். சுதந்திரத்தைப் பார்க்க இன்னும் மூணு வருஷம் இருந்தது. அவர் சேர்த்த புத்தகங்கள் சேலத்துல அவர் பேர்ல அமைஞ்ச நினைவு நூலகத்துக்குப் போச்சு.

விடுதலை வாங்கினா பாதி வேலைதான் முடியுது. பறிச்சதைத் திரும்ப வாங்கணும், கூட மாட்டினவனையும் கூட்டிட்டு வரணும். அவர் முழு வேலையையும் முடிச்சார்.