யானைக்கால் நோய்க்கு மருந்து தந்த டாக்டர் சுப்பாராவ்

கும்பகோணம் என்றதும் வெற்றிலையும் பாத்திரமும் நினைவுக்கு வரும். முன்னாளில் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அதுதான் யானைக்கால் நோய்!

சாக்கடையில் பெருகும் கொசு கடிக்கும். நூல் போன்ற புழு உடலுக்குள் புகும். நிணநீர்க் குழாய்களில் குடியேறி, அவற்றைக் கெடுக்கும். நாளடைவில் கால் வீங்கிப் பருத்துவிடும்.

இந்தப் புழுவுக்கு மருந்து கண்ட குழுவின் தலைவர் ஓர் இந்தியர். அவர் பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

ஏழைப் பையன்

ஆந்திராவில் உள்ள பீமவரத்தில் 1895-ம் ஆண்டு பிறந்தார். வறுமையான குடும்பம். மெட்ரிகுலேஷன் தேர்வில் மூன்றாவது முறைதான் வெற்றி பெற்றார். சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே கதர் உடுத்தியதால் வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார். எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை. அதற்குக் கீழான பட்டமே கிடைத்தது.

உடன்பிறந்தவர் இருவரைக் குடல் நோய் கொண்டு போயிற்று. நோய்களுக்கு மருந்து காணவேண்டும் என்ற வெறி அவருக்குப் பிறந்தது. கர்ப்பிணி மனைவியைப் பிரிந்து, அமெரிக்கா சேர்ந்தார். ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்த்துக்கொண்டே படித்தார்.

பிறந்த மகன் குழந்தையிலேயே இறந்துவிட்டான். தந்தை அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை.

எலி செய்த உதவி

1940-ல் லெடர்லி மருந்துக் கம்பெனியில் சேர்ந்தார். பிறகு ஆராய்ச்சித் தலைவரானார்.

தஞ்சை விவசாயிக்கு எலி பகை. நெற்கதிரை வளைக்குள் இழுத்துப் போய்விடும். சுப்பாராவ் குழுவுக்கோ எலி துணை. அமெரிக்காவில் பருத்தி எலி என்று ஒரு வகை உண்டு. யானைக்கால் புழுவின் இனத்தைச் சேர்ந்த புழு அதன் உடலில் வாழும். புது மருந்துகளை அந்த எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு மருந்து, இரத்தத்தில் இருந்த குஞ்சுப் புழுக்களை ஒழித்தது. 1947-ல் அந்த முடிவு வெளியாயிற்று. அந்த மருந்துதான் ஹெட்ரசான்.

வீங்கிய காலை அது பழையபடி ஆக்காது. ஆனால் நோய் பிறருக்குப் பரவாமல் தடுக்கும்.

புற்றுநோய்க்கும் மருந்து

பல புற்றுநோய்கள் பரவுவதும் இதே நிணநீர்ப் பாதையில்தான். அதை இன்று விஞ்ஞானிகள் சுண்டெலிகளை வைத்து ஆராய்கிறார்கள். புற்றுநோய்க்கும் சுப்பாராவ் குழு மருந்து தந்தது. பாஸ்டன் டாக்டர் சிட்னி பார்பர், இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு அதைக் கொடுத்தார். சில குழந்தைகளுக்கு நோய் சில காலம் அடங்கியது. அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. அதன் தம்பி போன்ற மெத்தோட்ரெக்சேட் இன்றும் பயன்படுகிறது.

1948-ல், 53-ம் வயதில், சுப்பாராவ் அமெரிக்காவிலேயே காலமானார். கடைசிவரை ஊர் திரும்பவில்லை. மனைவி காத்திருந்ததுதான் மிச்சம்.

ஆனால் அவர் மருந்து ஊர் வந்தது. பிற்காலத்தில் சுகாதார ஊழியர்கள் தமிழ்நாட்டில் வீடு வீடாகக் கொடுத்தார்களே, யானைக்கால் தடுப்பு மாத்திரை! அதில் இருந்தது அந்த மருந்துதான்.