மணலில் தொடங்கிய கல்வியியல்

கற்பித்தல் ஒரு கலை என்பது பழைய எண்ணம். கற்றல் நிகழும் விதத்தை ஆராய்ந்தறிய இயலும் என்னும் எண்ணம் பல்கலைக்கழகங்களுக்குள் நுழைந்த வழிகளுள் ஒன்று சென்னை எழும்பூரில் தொடங்குகிறது. அவ்வரலாறு ஆண்ட்ரூ பெல்லின் வாழ்வோடு பிணைந்தது.

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1753இல் பிறந்த பெல், 1787இல் சென்னைக்கு வந்தார். ஈராண்டுகளில், படைவீரர்களின் ஆதரவற்ற புதல்வர்க்கென எழும்பூரில் அமைந்த காப்பகப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். அங்கே எழுத்துகளைக் கற்பிப்பதற்கே நெடுங்காலம் சென்றது.

ஒருநாள் காலை குதிரையில் சென்றவர், நம் நாட்டுத் திண்ணைப் பள்ளியொன்றில் சிறுவர்கள் தரையிலமர்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அம்முறையைத் தம் பள்ளியில் புகுத்த விழைந்தார். ஆசிரியர்களோ இயலாதென மறுத்தனர். பெல் அவர்களோடு வாதிடவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் கடைநிலை வகுப்பை ஒப்படைத்தார். ஆசிரியர்களால் ஆகாதென்றதை அவன் செய்து முடித்தான். பிற வகுப்புகளும் படிப்படியாக மாணவர் பொறுப்பில் வந்தன. மாணவர் கற்றதன் அளவு நாள்தோறும் ஏட்டில் குறிக்கப்பட்டது. ஊகத்தை நம்பாது செய்துபார்த்துக் குறித்துவைத்த இப்பண்பே பெல்லின் தனிச்சிறப்பு. மூத்த மாணவன் இளையோர்க்குக் கற்பிப்பது நம் திண்ணைப் பள்ளிகளுக்குப் புதிதன்று. சட்டாம்பிள்ளை என்னும் சொல்லே அதற்குச் சான்று.

1796இல் தாயகம் திரும்பிய பெல், மறு ஆண்டே தம் சோதனையை இலண்டனில் நூலாக வெளியிட்டார். ஜோசப் லங்காஸ்டர் என்பாரும் இத்தகைய முறையைக் கையாள, அதனை முதலில் கண்டவர் யாரென்னும் பூசல் எழுந்தது. 1811இல் தேசியக் கழகம் தோன்றியபின் ‘மெட்ராஸ் முறை’ இங்கிலாந்தின் பல்லாயிரம் பள்ளிகளில் பரவியது. குறைந்த செலவில் மிகப் பலர்க்குக் கல்வி கிட்டிற்று. எனினும் நாளடைவில் அது மனப்பாடமாகச் சுருங்கிற்று. ஏழைகள் அனைவருக்கும் எழுத்தும் கணக்கும் வேண்டியதில்லை எனப் பெல்லே எழுதியது அவர் பெருமைக்குக் குறையே.

1832இல் மறைந்த பெல், தம் பெருஞ்செல்வத்தைக் கல்விக்கே விட்டுச்சென்றார். செயின்ட் ஆண்ட்ரூஸில் அதனால் எழுந்த பள்ளி இன்றும் ‘மெட்ராஸ் கல்லூரி’ என வழங்குகிறது. எஞ்சிய நிதியைக் கொண்டு 1876இல் எடின்பரோ, செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகங்களில் கல்வியியல் இருக்கைகள் நிறுவப்பட்டன. ஜெர்மனியின் ஹாலே பல்கலைக்கழகம் 1779இலேயே இத்துறைக்குப் பேராசிரியரை அமர்த்தியிருந்தது. பிரித்தானியப் பல்கலைக்கழகங்களிலோ இவையே முதலாவன. எடின்பரோவில் சைமன் லாரியும் செயின்ட் ஆண்ட்ரூஸில் மெய்க்கிள்ஜானும் அவ்விருக்கைகளில் அமர்ந்தனர்.