மிஞ்சிய காரில் பிறந்த தாமரை!

நுங்கு வண்டி ஓட்டியிருக்கிறீர்களா? நம் ராமநாதபுரம் சீமையில் பனைமரத்துக்குப் பஞ்சமில்லை. நுங்கைத் தின்ற பிறகு மிஞ்சும் காய்கள் இரண்டை எடுத்து, நடுவில் ஒரு குச்சியைச் செருகி, கவைக் கம்பால் தள்ளினால் வண்டி தயார்! குப்பைக்குப் போக வேண்டிய காய், உங்களுக்கு முன்னால் உருண்டு ஓடுகிறது.

விற்காமல் மிஞ்சிப்போன ஒரு பழைய காரை வைத்து, இதேபோல ஒரு போட்டிக் காரைச் செய்த இளைஞர் இங்கிலாந்தில் இருந்தார். அவர் பெயர் காலின் சாப்மன்.

1928ம் ஆண்டு மே 19ம் தேதி பிறந்தவர் சாப்மன். அப்பா லண்டன் அருகே ஒரு ஓட்டல் நடத்தினார். சாப்மன் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பொறியியல் படித்தார். படிக்கும்போதே நண்பர் ஒருவரோடு சேர்ந்து பழைய கார்களை வாங்கி விற்றார். கையில் நல்ல லாபம் சேர்ந்தது.

அப்போதுதான் இடி விழுந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகும் இங்கிலாந்தில் பெட்ரோல், ரேஷனில்தான் கிடைத்தது. சொந்தக் கார் வைத்திருப்போருக்கான பெட்ரோலை 1947ல் அரசு நிறுத்தியது. பெட்ரோல் இல்லாத காரை யார் வாங்குவார்கள்? பழைய கார்களின் விலை சரிந்தது. வாங்கி வைத்திருந்த கார்களை நஷ்டத்துக்குத் தள்ளிவிட வேண்டியதாயிற்று. சேர்த்த லாபமெல்லாம் கரைந்தது. கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு கார். ஏறத்தாழ இருபது ஆண்டுப் பழசான 'ஆஸ்டின் செவன்'!

உங்களுக்கு இப்படி நேர்ந்தால் என்ன செய்வீர்கள்? சாப்மன் ஸ்பேனரைக் கையில் எடுத்தார்.

பின்னாளில் அவருடைய மனைவியான ஹேசலின் பெற்றோர் வீட்டுக்குப் பின்னால் ஒரு சிறிய கார் கொட்டகை இருந்தது. அதுவே அவரது பட்டறை. முதலில் பழைய காரின் கனமான உடலைக் கழற்றி எறிந்தார். அடியில் இருந்த இரும்புச் சட்டம், இன்ஜின், கியர், அச்சு ஆகியவற்றை வைத்துக்கொண்டார். அலுமினியத் தகடு ஒட்டிய ஒட்டுப்பலகையால் புதிய உடல் செய்தார். அவர் விமானம் ஓட்டவும் பழகியவர். விமானத்தின் உடல் லேசாகவும் இருக்கும், உறுதியாகவும் இருக்கும் அல்லவா? அந்த முறையைக் காரில் கொண்டுவந்தார். 1948ல் கார் ஓடியது. அதற்கு 'லோட்டஸ்' என்று பெயர் வைத்தார். லோட்டஸ் என்றால் தாமரை. ஏன் அந்தப் பெயர் என்பதை அவர் கடைசிவரை வெளியில் சொல்லவில்லை!

அந்தக் கார் கலந்துகொண்டது வேகப் போட்டியில் அல்ல. சேறும் சகதியுமான மேட்டில் நிற்காமல் ஏறும் போட்டி அது. இதில் ஒரு சிறிய அறிவியல் இருக்கிறது. கவனியுங்கள்.

உங்கள் சைக்கிளில் செயின் எந்தச் சக்கரத்தைச் சுழற்றுகிறது? பின் சக்கரத்தை. ஆஸ்டின் செவனும் அப்படித்தான். இன்ஜின் முன்னால் இருந்தாலும், ஒரு நீண்ட தண்டு வழியாக அதன் விசை பின் சக்கரங்களுக்குப் போகும். வண்டி மேட்டில் ஏறும்போது எடை பின்பக்கம் சாயும். பின் சக்கரங்கள் தரையில் நன்றாக அழுந்தும். அழுந்தினால்தான் பிடிப்பு கிடைக்கும்.

தனுஷ்கோடி மணலை நினைத்துப் பாருங்கள். அரிச்சல்முனை வரை தார்ச்சாலை 2017ல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் ஜீப்புகளும் வேன்களும் மணலில்தான் போய் வந்தன. மணலில் சக்கரம் வெறுமனே சுற்றினால் வண்டி நகராது; குழிதான் ஆழமாகும். சேற்றிலும் அதே கதைதான். அதனால் அந்தப் போட்டிகளில் உடன் செல்பவர் பின்பக்கம் எம்பி எம்பி உட்கார்ந்து, பின் சக்கரத்துக்கு எடை கொடுப்பார்!

சாப்மன் படிப்பில் தடுக்கி விழவில்லையா? விழுந்தார். கடைசி ஆண்டுக் கணிதத் தாளில் தேறவில்லை. 1949ல் அதை மறுபடியும் எழுதித்தான் பட்டம் பெற்றார்.

1951ல் அவர் செய்த மூன்றாவது காரும் ஆஸ்டின் செவனில் பிறந்ததே. அதிகப் பணமில்லாதவர்களும் பந்தயம் ஓட்ட வேண்டும் என்பதற்காக, ஆஸ்டின் செவன் பாகங்களைக் கொண்டே கார் செய்ய வேண்டும் என்ற விதியுடன் ஒரு போட்டி நடந்து வந்தது. அந்த இன்ஜினில் நான்கு சிலிண்டர்கள். ஆனால், பெட்ரோலும் காற்றும் கலந்து உள்ளே போக இரண்டே வழிகள்தான். ஒரே குழலில் இரண்டு பேர் இளநீர் குடிப்பது போல, ஒன்று இழுக்கும்போது மற்றதற்குப் போதாமல் போகும். சாப்மன் அந்த வழிகளின் நடுவே தகடு வைத்துப் பிரித்துவிட்டார். நான்கு சிலிண்டருக்கும் நான்கு வழி! அவர் கார் வெற்றிமேல் வெற்றி பெற்றது. பிறகு, அப்படிப் பிரிக்கக் கூடாது என்று விதியையே மாற்றினார்கள்.

1952ல் ஹேசல் கொடுத்த 25 பவுனை முதலாகப் போட்டு, அப்பாவின் ஓட்டலுக்குப் பின்னால் இருந்த பழைய குதிரை லாயத்தில் லோட்டஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 1962ல் 'லோட்டஸ் 25' என்ற ஃபார்முலா 1 கார் வந்தது. நண்டைப் பார்த்திருக்கிறீர்களே, அதற்கு உள்ளே எலும்பு கிடையாது. ஓடுதான் அதன் உடலைத் தாங்குகிறது. அதுபோல, உள்ளே குழாய்ச் சட்டம் இல்லாமல் தகட்டு உடலே பாரத்தைத் தாங்கும் கார் அது. அடுத்த ஆண்டே அதை ஓட்டிய ஜிம் கிளார்க் உலக சாம்பியன் ஆனார். 1963 முதல் 1978 வரை ஏழு முறை, கார் தயாரிப்பாளருக்கான உலகப் பட்டத்தை லோட்டஸ் வென்றது.

குழந்தைகளே, பெரியவர்களின் வாழ்க்கையில் வெற்றியை மட்டும் பார்க்கக் கூடாது. எடையைக் குறைப்பதே சாப்மனின் வழி. ஆனால், மெலிந்த பாகம் எளிதில் முறியும். 1960ல் பெல்ஜியத்தில் லோட்டஸ் ஓட்டிய ஸ்டிர்லிங் மோஸ், சக்கரம் கழன்றதால் கால்கள் முறிந்து படுத்தார். 1970ல் இத்தாலியில் யோக்கன் ரின்ட் ஓட்டிய லோட்டஸில் முன் பிரேக்கின் தண்டு முறிந்தது. அவர் உயிரிழந்தார். அதுவரை எடுத்திருந்த புள்ளிகளால், இறந்த பிறகு அவருக்கு உலகப் பட்டம் கிடைத்தது. ஒரு கார் தோற்றால் அடுத்த வாரம் ஜெயிக்கலாம். போன உயிர் திரும்புமா? எதைக் குறைக்கலாம் என்று கண்டுபிடிப்பது திறமை. எதைக் குறைக்கவே கூடாது என்று தெரிந்துகொள்வது பொறுப்பு. இரண்டும் வேண்டும்.

1982ம் ஆண்டு டிசம்பர் 16ம் தேதி, 54 வயதில் மாரடைப்பால் சாப்மன் காலமானார்.

இருப்பதை வைத்துச் செய்யும் இந்த வழி நம் தமிழ்நாட்டிலும் உண்டு. கோவையைச் சேர்ந்த கரிவரதன், மாருதி 800 காரின் இன்ஜினைக் கொண்டு, 1988ல் ஒருவர் மட்டும் அமரும் பந்தயக் காரை உருவாக்கினார். மாருதியில் முன் சக்கரங்கள்தான் வண்டியை இழுக்கும். அவரோ இன்ஜினை ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் வைத்து, பின் சக்கரங்களைத் தள்ள வைத்தார். வெளிநாட்டுக் கார் வாங்க முடியாதவர்களும் பந்தயத்துக்கு வர வழி பிறந்தது. அவ்வகைக் காரில் ஓட்டத் தொடங்கிய நரேன் கார்த்திகேயன், 2005ல் ஃபார்முலா 1 போட்டியில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். கரிவரதன் 1995ல் மறைந்தார். கோவை செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நீங்கள் கார் ஓட்ட 18 வயது வரை பொறுத்திருக்க வேண்டும். கற்றுக்கொள்ள அப்படிக் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை சைக்கிளில் செயின் கழன்றால், கடையில் விட்டுவிட்டு விளையாடப் போய்விடாதீர்கள். கடைக்கார அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். எந்தப் பாகம் எதற்கு என்று கேளுங்கள். ஆஸ்டின் செவனைப் பிரிக்கும்போது, சாப்மனும் இந்தக் கேள்வியைத்தானே ஒவ்வொரு பாகத்திடமும் கேட்டார்!